எர்த் இல்லாத வீடு

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய ஹீட்டரை மாட்டியாகிவிட்டது என்று போன வாரம் போனில் சொன்னேன். தண்ணீர் நன்றாகச் சூடாகிறது என்றும் சொன்னேன். இரண்டும் உண்மைதான். ஆனால் ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை ஏன் மூன்று நாள் இழுத்தது, அந்த மூன்று நாளில் இந்த வீட்டில் எதைக் கண்டுபிடித்தோம் என்பதை உன்னிடம் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை. "பேச வரலன்னா எழுதுங்க" என்றாள் உன் அம்மா. முப்பது வருடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுத்தவள் சொல்கிறாளே என்று உட்கார்ந்துவிட்டேன். ஹார்பரில் லீவு லெட்டர் எழுதியதோடு சரி, அதற்குப் பிறகு பேனா பிடித்து ஒரு பக்கம் எழுதியதில்லை. முன்னப்பின்ன இருந்தால் பொறுத்துக்கொள்.

நன்றியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ பிடிவாதம் பிடித்தாயே, அதற்கு நன்றி. நான் கத்தியும் நீ விட்டுக்கொடுக்காமல் இருந்தாயே, அதற்கும். அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை யார் யாருக்கு எழுதியிருப்பார்கள் என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் அம்மாவுக்குப் போன ஐப்பசியில் வந்த காய்ச்சல் ஐந்தே நாளில் போய்விட்டது. மூட்டுவலி மட்டும் போகவில்லை. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் தூக்குவாள். விடிந்ததும் கையையும் காலையும் வெந்நீரில் வைக்கச் சொன்னார் டாக்டர். வாளியில் தண்ணீர் பிடித்து, அதில் கரண்டு கம்பியைப் போட்டுச் சூடுபண்ணினோம். உன்னிடம் "இப்ப பரவால்ல" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். வீடியோவில் பேசும்போது அவள் கையைச் சேலைக்குள் வைத்துக்கொள்வாள். நீ ஒருநாள், "அம்மா, கையக் காட்டுங்க" என்றாய். அவள் காட்டினாள். வீங்கிய முட்டிகளைப் பார்த்துவிட்டுப் போனை வைத்தாய். பத்தாவது நாள் பெட்டி வந்து இறங்கியது.

அன்று சாயங்காலம் நமக்குள் நடந்த சண்டையை நீ மறந்திருக்க மாட்டாய். "அப்பா, மாட்டுறதுக்குக் கடையிலிருந்து ஆள் வரும். நீங்க எதையும் தொடாதீங்க" என்றாய். எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. "எலே, முப்பத்தெட்டு வருசம் ஹார்பர்ல நான் என்ன மணியாட்டிக்கிட்டு இருந்தேனா? அம்புட்டுப் பெரிய கிரேனுக்குக் கரண்ட் குடுத்தவனுக்கு பாத்ரூம்ல ஒரு ஹீட்டர் மாட்டத் தெரியாதோ?" என்றேன். நீ சத்தம் போடவில்லை. "தெரியும்ப்பா. ஆனா நீங்க மாட்ட வேண்டாம்" என்றாய். அந்த "ஆனா" என்னைச் சுட்டுவிட்டது. போனைக் கட் பண்ணினேன். அதற்கப்புறம் மூன்று வாரம் நீ என்னைப் பற்றி அம்மாவிடம் விசாரித்தாய், நான் உன்னைப் பற்றி அம்மாவிடம் விசாரித்தேன்.

அந்த மூன்று வாரத்தில் நான் செய்த காரியங்களையும் சொல்லிவிடுகிறேன். கடையிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார்கள். இரண்டு தடவையும், "நாங்க ஊருல இல்ல" என்று சொன்னேன். வீட்டு ஹாலில் நின்றுகொண்டே சொன்னேன். பெட்டி அங்கேயே கிடந்தது, மேலே பேப்பரும் மூக்குக்கண்ணாடியும் சேர்ந்தன. உன் அம்மா எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் காலை நானே மாட்டிவிடலாம் என்று டிரில்லிங் மிஷினை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் ஸ்டூலில் ஏறினேன். பென்சிலால் இரண்டு இடத்தில் புள்ளி வைத்தேன். கையைத் தலைக்கு மேலே தூக்கியதும் சுவர் ஒரு பக்கமாகச் சாய்வதுபோல் இருந்தது. கீழே பார்த்தால் உன் அம்மா ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், மடங்காத அந்த விரல்களை வைத்துக்கொண்டு. இறங்கி, மிஷினைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தேன். மறுநாள் நான் மீன் வாங்கப் போயிருந்த நேரத்தில் அவளே கடைக்குப் போன் பண்ணி, "ஊருக்கு வந்துட்டோம், ஆள அனுப்புங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

திங்கட்கிழமை காலை வந்தவர் பெயர் இசக்கிமுத்து. ஓட்டப்பிடாரத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். பைக்கை நிழல் பார்த்து நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பையிலிருந்து ரப்பர் செருப்பு ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். அதைப் பார்த்ததுமே மனதுக்குள் ஒரு மதிப்பு வந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப் பாத்ரூம் வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டேன். "நானும் எலக்ட்ரீசியன்தான். ஹார்பர்ல முப்பத்தெட்டு வருசம்" என்றேன். "அப்படியா அண்ணாச்சி, அப்ப உங்களுக்கு நான் சொல்லுததுக்கு ஒண்ணும் இல்ல" என்று சிரித்தார். சிரித்துவிட்டு, நான் வைத்த பென்சில் புள்ளிகளைப் பார்த்தார். சுவரை விரல் முட்டியால் தட்டினார். "இந்தப் பக்கம் சத்தம் பொத்துன்னு கேக்கு பாருங்க. உப்பு பூத்து உள்ள விட்டுப்போச்சு. தண்ணி நெறஞ்சா வெயிட்டத் தாங்காது. ஒரு முழம் தள்ளி அங்கன மாட்டிக்கிடுவோம்" என்றார். நானும் தட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. நான் மாட்டியிருந்தால் ஒருநாள் அது உன் அம்மாவின் தலையில் விழுந்திருக்கும்.

அடுத்தபடியாகச் சுவரைத் துளைப்பார் என்று நினைத்தேன். அவர் பையிலிருந்து ஒரு சோதனை விளக்கை எடுத்தார். ஹோல்டரில் ஒரு குண்டு பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர், அவ்வளவுதான். நாங்கள் ஹார்பரில் வைத்திருந்ததும் அதேதான். பிளக் பாயிண்டில் கரண்டு வரும் ஓட்டையில் ஒரு ஒயரையும் நியூட்ரலில் இன்னொன்றையும் வைத்தார், பல்பு பளிச்சென்று எரிந்தது. நியூட்ரலில் இருந்ததை எர்த்துக்கு மாற்றினார், அப்போதும் எரிந்தது. "பாத்தீரா, எர்த் கும்முனு இருக்கு" என்றேன் நான். அவர் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "எரியுது அண்ணாச்சி. ஆனா மினுங்குது" என்றார். உற்றுப் பார்த்தால், ஆமாம், லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது. மெயின் போர்டில் நியூட்ரலைக் கழற்றிவிட்டு மறுபடி பார்க்கலாமா என்று கேட்டார். கழற்றினார். எர்த்தில் வைத்தார். பல்பு எரியவே இல்லை.

உனக்குப் புரிவதற்காகச் சொல்கிறேன். நியூட்ரல் என்பது வந்த கரண்டு திரும்பிப் போகிற ஒயர். எர்த் என்பது மண்ணுக்குப் போகிற ஒயர். ஃபிரிட்ஜோ ஹீட்டரோ உள்ளே பழுதாகி அதன் உடம்பில் கரண்டு கசிந்தால், தொடுகிற ஆளை விட்டுவிட்டு அந்த ஒயர் வழியாக மண்ணுக்குள் போய்விடும். நம் வீட்டில் அந்த ஒயர் மண்ணுக்குப் போகவில்லை. மெயின் போர்டுக்குள்ளேயே நியூட்ரலோடு முடிச்சுப் போட்டுக் கட்டப்பட்டிருந்தது. சாதாரண நேரத்தில் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். நியூட்ரல் எங்காவது லூஸானால், வீட்டிலுள்ள அத்தனை சாமானின் உடம்பிலும் கரண்டு ஏறிவிடும். நம் போர்டில் நியூட்ரல் திருகாணி உப்புக்காற்றில் துருப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தது.

எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை. "அத நான் பாத்துக்கிடுதேன். நீரு ஹீட்டர மாட்டிட்டுப் போரும்" என்றேன். "மாட்ட மாட்டேன் அண்ணாச்சி" என்றார். கோபமில்லாமல், பயமில்லாமல், சாப்பாடு வேண்டாம் என்று சொல்வதுபோலச் சொன்னார். "நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன்வே, எதுனாலும் என் பொறுப்பு" என்று குரலை உயர்த்தினேன். அவர் பல்பில் ஒயரைச் சுற்றிக்கொண்டே, "நீங்க கையெழுத்துப் போடுவிய. உள்ள குளிக்கப் போறது அக்காதான?" என்றார்.

நான் எழுந்து மெயின் போர்டுக்குப் போனேன். மூடியை நானே கழற்றினேன். எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்துக் கட்டியிருந்த அந்தத் துண்டு ஒயர் ஒரு விரல் நீளம் இருக்கும். முறுக்கிய விதத்தைப் பார்த்தேன். வலப்பக்கமாக மூன்று சுற்று, அதன்மேல் சிவப்பு டேப், டேப்பின் நுனி மடித்து விடப்பட்டிருந்தது, பிறகு பிரிப்பதற்கு வசதியாக. அப்படி நுனியை மடித்துவிடுகிற ஆள் எங்கள் செக்ஷனில் நான் ஒருத்தன்தான். வீடு கட்டி இரண்டாவது வருடம், புதைத்திருந்த எர்த் குழாயை உப்பு மண் தின்றுவிட்டது. புதுக் குழாய் இறக்கும் வரைக்கும் தற்காலிகமாக இருக்கட்டும் என்று கட்டியது நான். ஹார்பரில் எர்த் இல்லாமல் ஒரு மோட்டாரை ஓட்டவிட்டதில்லை. சின்னப் பையன்களை அதற்காகத் திட்டித் தீர்த்திருக்கிறேன். என் வீட்டில் இருபத்து மூன்று வருடம் தற்காலிகமாக ஓட்டியிருக்கிறேன்.

"நான்தான் போட்டேன்" என்றேன். இசக்கிமுத்து அருகில் வந்து பார்த்தார். என்னைக் குத்திக்காட்ட அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. "எல்லாரும் போடுததுதான் அண்ணாச்சி. அவசரத்துக்குப் போடுவோம், பெறவு வேல வேலன்னு மறந்துருவோம்" என்றார். அவ்வளவுதான். அவருக்கு நான் பட்டிருக்கிற கடனில் அந்த இரண்டு வரிதான் பெரியது.

அப்போதுதான், மகனே, எனக்கு அந்த ஃபிரிட்ஜ் ஞாபகம் வந்தது. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் நான் என் வாயால் சொல்ல வேண்டும். நீ ஆறாம் வகுப்பு. என்னோடு வேலை பார்த்த இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் எடுத்துவரச் சொன்னேன். வெறுங்கையோடு வந்தாய். "அப்பா, ஃபிரிட்ஜத் தொட்டா ஷாக் அடிக்கி" என்றாய். சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்துப் போய் அவர்கள் பார்க்க ஃபிரிட்ஜில் வைத்தேன். விளக்கு எரியவில்லை. வந்தவர்களில் ஒருத்தர், "எலக்ட்ரீசியன் மகனுக்குக் கரண்டுன்னா பயமாடே?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை. சோம்பேறித்தனத்துக்குப் பொய் சொல்கிறாய் என்று அவர்கள் முன்னால் உன்னை அறைந்தேன். ஒரு அடி என்று எழுதியிருந்தேன். இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு உன் அம்மா, "ரெண்டு" என்கிறாள். இரண்டுதான்.

நீ அழவில்லை. அதற்குப் பிறகு ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் வாசலுக்குப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வருவாய். வீட்டுக்குள் செருப்பா என்று நான் கேலி பண்ணுவேன். வருடக்கணக்காக அது எனக்கொரு வேடிக்கைக் கதை. உன் கல்யாண வரவேற்பில், மைக்கைப் பிடித்து உன் மாமனார் வீட்டார் முன்னால் அதைச் சொன்னேன். மண்டபமே சிரித்தது. நீயும் சிரித்தாய். மெயின் போர்டின் முன்னால் நின்றுகொண்டு உன்னுடைய அந்தச் சிரிப்பை நினைத்துப் பார்த்தேன். நீ அன்று உண்மையைத்தான் சொன்னாய். லூஸான நியூட்ரல் சில நேரம் பிடிக்கும், சில நேரம் விடும். நீ தொட்டபோது விட்டிருந்தது, நான் டெஸ்டர் வைத்தபோது பிடித்திருந்தது. எந்த அப்பரண்டிஸும் யோசித்திருப்பான். நான் யோசிக்கவில்லை. யோசித்தால் தப்பு என் கையில் வந்து நிற்கும் என்று எனக்குள் எங்கோ தெரிந்திருக்குமோ என்னவோ.

அடுப்படியில் போய் உன் அம்மாவிடம் சொன்னேன். "இவன் அன்னைக்குச் சொன்னது நெசம்" என்றேன். எதைச் சொல்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. ஃபிரிட்ஜின் முன்னால் கிடக்கும் ரப்பர் விரிப்பைக் கண்ணால் காட்டினாள். "அத எதுக்குப் போட்டேன்னு நெனச்சீய?" என்றாள். அவள் முழங்கால் வலிக்காகப் போட்டிருக்கிறாள் என்றே நான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். நான் உன்னை அடித்த மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாங்கிவந்து போட்டாளாம். கிழியக் கிழிய மாற்றிக்கொண்டே வந்திருக்கிறாள். "எனக்கும் அடிக்கத்தான் செஞ்சிது. சொன்னா நீங்க டெஸ்டர எடுத்துட்டு வருவிய, அது எரியாது. பிள்ளைக்கு விழுந்தது எனக்கும் விழணுமா?" என்றாள். நான் அவளை ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை, உனக்குத் தெரியும். அப்படியிருந்தும் சொல்லப் பயந்திருக்கிறாள்.

அதோடு நிற்கவில்லை. போன மாதம் வாளித் தண்ணீரில் கை வைத்தால் என்னவோ போல் இருக்கிறது என்று ஒருநாள் சொன்னாள். "நரம்புத் தளர்ச்சி, டாக்டர்தான் சொன்னாரே" என்று அடக்கிவிட்டேன். அதற்கப்புறம் கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் தண்ணீரைத் தொடுவாளாம். நான் ஒருத்தன் எல்லாம் தெரிந்தவன் என்று இந்த வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தேன். நீங்கள் இரண்டு பேரும் செருப்பும் விரிப்புமாக உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தீர்கள். இத்தனை வருடத்தில் உங்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதில் என் சாமர்த்தியம் துளியும் கிடையாது. அன்று மத்தியானம் ஜெபத்தில் தலை குனிந்தபோது நன்றி என்கிற ஒரு சொல்லைத் தவிர எனக்கு வேறெதுவும் வரவில்லை.

இசக்கிமுத்து ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு, "நாளைக்கு எர்த் அடிக்கதுக்குச் சாமான் கொண்டு வாரேன்" என்று போனார். ஃபிரிட்ஜ் இல்லாததால் வைத்திருந்த சீலா மீன் முழுவதையும் உன் அம்மா குழம்பும் பொரியலுமாக ஆக்கிவிட்டாள். மறுநாள் அவர் வந்ததும் வீட்டின் பின்பக்கம், மோட்டார் ரூமை ஒட்டிக் குழி தோண்டினோம். தோண்டினோம் என்று சொல்வது பெருமைக்கு. அவர் தோண்டினார், நான் மண்ணை ஒதுக்கினேன். அந்தக் காலத்து வழக்கப்படி கரியும் உப்பும் போட வேண்டும் என்று சொன்னேன். "தூத்துக்குடி மண்ணுல உப்புக்கு என்ன கொற அண்ணாச்சி? உங்க பழைய கொழாயத் தின்னதே அதுதான்" என்றார். நானே சிரித்துவிட்டேன். செம்பு பூசிய நீளக் கம்பி ஒன்றை இறக்கி, சுற்றிலும் ஈரத்தைப் பிடித்துவைக்கிற ஒரு பொடியைக் கரைத்து ஊற்றினார். எர்த் ஒயரைக் கம்பியில் பிடிக்கிற கிளாம்பை முடுக்கும்போது ஸ்பானரை என்னிடம் நீட்டினார். "நீங்க டைட் பண்ணுங்க" என்றார். என் பலம் கொண்ட மட்டும் முடுக்கினேன். வாங்கி அவர் ஒருமுறை வைத்துப் பார்த்தார். இன்னும் அரைச்சுற்று போனது. முந்தின வாரம் என்றால் எனக்கு அது அவமானமாக இருந்திருக்கும். அன்று அந்த அரைச்சுற்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

மத்தியானம் அவரைச் சாப்பிட உட்காரச் சொன்னாள் உன் அம்மா. மீன்குழம்பு ஊற்றும்போது கரண்டி கையில் நிற்கவில்லை. அவர் பார்த்துவிட்டு, "எங்க அம்மாவுக்கும் இதே காய்ச்சல்தான் அக்கா. ஒரு வருசம் ஆச்சு, இப்பத்தான் வெரலு மடங்கிப் பூக்கட்டுதாவ" என்றார். ஆறு மாதமாக டாக்டர்கள் சொன்ன எந்த ஆறுதலும் அவள் முகத்தில் கொண்டுவராத தெளிச்சியைக் கொண்டுவந்தது அந்தப் பேச்சு.

மூன்றாம் நாள் மெயின் போர்டை முழுக்க மாற்றினார். எங்காவது கரண்டு கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் வீடு முழுவதையும் அணைத்துவிடுகிற டிரிப் சுவிட்ச் ஒன்று வைத்தார். அதில் சோதித்துப் பார்ப்பதற்கு ஒரு சின்ன பொத்தான் இருக்கிறது. என்னைக் கூப்பிடுவார் என்று பக்கத்தில் போனேன். அவர் உன் அம்மாவைக் கூப்பிட்டார். "அக்கா, இத மாசம் ஒருக்கா அமுக்கணும். வீடு டப்புனு அணையணும். அணையலன்னா உடனே எனக்குப் போன் பண்ணுங்க, அண்ணாச்சிகிட்ட சொல்லாதீங்க" என்றார். அவள் கட்டைவிரலால் அழுத்தினாள், வீடு அணைந்தது, அவர் சுவிட்சைத் தூக்கிவிட்டதும் அவள் சின்னப் பிள்ளை மாதிரி இன்னொரு தடவை அழுத்தினாள். பிறகுதான் ஹீட்டரைத் தூக்கி மாட்டினார். போர் தண்ணீர் உப்புப் பிடித்துக் கெடுத்துவிடும் என்று குடிதண்ணீர்த் தொட்டியிலிருந்து மட்டும் குழாய் இழுத்தார். வெந்நீர்க் குழாயில் தண்ணீர் நிறைந்து வருகிறதா என்று பார்த்த பிறகே சுவிட்சைப் போட்டார். அடியில் ஒரு வால்விலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்தது. அதை அடைத்துவிடலாமா என்று கேட்டேன். சூடாகும்போது உள்ளே ஏறுகிற அழுத்தம் அந்த வழியாகத்தான் வெளியேறுமாம், ஒருநாளும் அடைக்கக் கூடாதாம். எனக்குத் தெரியாது, மகனே. முப்பத்தெட்டு வருடத்தில் அது எனக்குத் தெரியாது. "தெரியாம இருந்துச்சு, சொன்னதுக்கு நன்றி தம்பி" என்றேன். அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பழக்கமில்லாததால் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, உன் அம்மா உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

மறுநாள் காலை அவள்தான் முதலில் குளித்தாள். கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், பயத்தில்தான். குழாயைத் திறக்கும் சத்தம், பிறகு வெகுநேரம் தண்ணீர் விழும் சத்தம். வெளியே வந்தவள் என் முகத்துக்கு நேரே இரண்டு கையையும் நீட்டி விரல்களை மடக்கிக் காட்டினாள். முழுக்க மடங்கவில்லை. பாதிக்கு மேல் மடங்கியது. வீட்டிலுள்ள எல்லாப் பிளக் பாயிண்டுகளையும் நான் இப்போது சோதனை விளக்கு வைத்துப் பார்த்துவிட்டேன். பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் போய்ப் பார்த்தேன். எதிர்வீட்டிலும் எர்த் இல்லை. அங்கே என்னைச் செய்யச் சொன்னார்கள். இசக்கிமுத்து நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இன்னும் நான்கு மாதத்தில் நீயும் அப்பாவாகப் போகிறாய். உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ நினைத்தால் அது நியாயம். ஆனாலும் தப்புப் பண்ணினவனுக்குத்தான் தப்பு எந்த இடத்தில் ஆரம்பித்தது என்று தெரியும். உன் பிள்ளை வந்து ஒன்றைச் சொல்லி, நீ போய்ப் பார்த்து, அங்கே ஒன்றும் தெரியவில்லை என்றால், பிள்ளை பொய் சொல்கிறது என்று முடிவு கட்டிவிடாதே. இன்னொரு தரம் பார். வேறொரு நேரத்தில் பார். அதுவும் தெரியவில்லை என்றால் உன்னைவிடத் தெரிந்த ஆளைக் கூப்பிடு. நாலு பேர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். நாலு பேருக்காகப் பிள்ளையின் வாயை அடைத்தால், அதற்கப்புறம் அது உன்னிடம் வந்து எதையும் சொல்லாது. நீ பிளஸ் டூவில் கணக்குப் பரீட்சைக்குப் பயந்து மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தது, முதல் வேலை போனது, மஸ்கட்டில் உனக்கு ஆபரேஷன் நடந்தது, எல்லாமே உன் அம்மா வழியாகத்தான் எனக்கு வந்து சேர்ந்தன. அதுவும் எல்லாம் முடிந்த பிறகு. பையன் தைரியசாலி, அப்பனைத் தொந்தரவு பண்ண மாட்டான் என்று வெளியில் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

நீ என்னை எடுத்தெறிந்து பேசாமல், பழையதைச் சொல்லிக்காட்டாமல், "தெரியும்ப்பா, ஆனா நீங்க மாட்ட வேண்டாம்" என்று மட்டும் சொன்னாய். அந்த ஃபிரிட்ஜை நினைத்துத்தான் சொன்னாயா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்கு உரிமை இல்லை. அன்று உன்னை அடித்தது தப்பு. கல்யாணத்தில் அதைச் சொல்லிச் சிரித்தது அதைவிடத் தப்பு. உன் மனைவிக்கும் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. அவள் வீட்டார் முன்னால்தானே அந்தக் கதையைச் சொன்னேன், அவர்களுக்கும் சரியான கதை தெரியட்டும்.

நீ ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது எடுப்பது நான்தான். "சாப்பிட்டியா, அங்க வெயிலா" என்று கேட்டுவிட்டு, "இரு, அம்மாட்ட குடுக்கேன்" என்று கொடுத்துவிடுவேன். எத்தனையோ வருடமாக அப்படித்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா ஆராதனை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வரப்போவதில்லையாம், நாசரேத்துக்கு அவள் தங்கச்சி வீட்டுக்குப் போகிறாளாம். நீ கூப்பிடுகிற நேரத்துக்கு வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன். அவள் வேண்டுமென்றேதான் போகிறாள். நீ வழக்கம்போலக் கூப்பிடு. கொடுப்பதற்கு ஆள் இருக்காது.

அன்புடன்,
அப்பா